வளைந்த வரப்பும் வெட்டிய துணியும்

சென்ற தை மாதக் கடைசியில், திருமயம் வட்டத்திலுள்ள கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். ஏடுகளைப் பார்த்து முடித்து எழுகின்ற வேளையில் அங்கத்தினர் இருவர் நம்மிடம் வந்தனர். இருவருடைய வயல்களும் ஒரே கண்மாயின் கீழ் அடுத்தடுத்து உள்ளவை. இரண்டிற்கும் இடையேயுள்ள வரப்பு, நடுவில் முழங்கைபோல் மடங்கிக் கிடக்கிறது. டிராக்டரைத் திருப்பும்போதெல்லாம் அந்த மடிப்பில் உழாத மூலை மிஞ்சுகிறது. வரப்பை நேராக்கிவிட வேண்டும் என்ற விருப்பம் இருவருக்கும் உண்டு. ஆயினும் பல ஆண்டுகளாக அது நடைபெறவில்லை.

“மடிப்பிலே எனக்கு ஐந்தாறு சென்ட் இருக்கிறது, ஐயா. நேராக இழுத்தால் அது தம்பி பக்கம் போய்விடும்” என்றார் மூத்தவர். “அந்தக் குறைவுக்கு ஈடாக வரப்பை என் பக்கம் தள்ளிப் போடச் சொல்கிறார், அண்ணன். எவ்வளவு தள்ளினால் சரி என்று யார் சொல்வது?” என்றார் இளையவர். இருவர் சொல்லிலும் குற்றம் காண்பதற்கில்லை. அளவு தெரியாத இடத்தில் ஐயம் தோன்றுவது இயல்பே.

அன்று நாம் அவர்களுக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து எழுதினால் ஏனைய அங்கத்தினர்க்கும் பயன்படும் என்று கருதுகிறோம். உழவர்க்கு வரப்பிலும், நெசவாளர்க்குத் துணியிலும் உதவுகின்ற ஒரே கணக்கு இது. ஓர் உருவத்தை வெட்டித் துண்டுகளை வேறுவிதமாக அடுக்கினால் உருவம் மாறும், பரப்பு மாறாது. இச்சிறு உண்மையே இங்கு நமக்குத் துணை.

ஒரு தாளும் கத்தரிக்கோலும்

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றில் ஒரு முக்கோணம் வெட்டிக்கொள்க. நீண்ட பக்கம் அடியாக இருக்கட்டும். அது 20 செண்டிமீட்டர் என்க. உச்சி முனை அடியிலிருந்து 12 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மற்ற இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குறித்து, அவற்றை இணைக்கும் கோட்டின் வழியே வெட்டுக. மேலே ஒரு சிறு முக்கோணம் தனியே வரும். அதன் உச்சியிலிருந்து நேர்கீழாக மற்றொரு வெட்டு இடுக. இப்போது நம் கையில் மூன்று துண்டுகள் உள்ளன.

சிறு துண்டுகள் இரண்டையும், அவை முன்பு தொட்டுக்கொண்டிருந்த நடுப்புள்ளியைச் சுற்றித் தலைகீழாகத் திருப்பி வைத்தால், இடத்துண்டு இடப்புறத்திலும் வலத்துண்டு வலப்புறத்திலும் அப்படியே பொருந்தும். முக்கோணம் மறைந்து, 20 செண்டிமீட்டர் நீளமும் 6 செண்டிமீட்டர் அகலமும் உள்ள செவ்வகம் தோன்றும். அதன் பரப்பு 120 சதுர செண்டிமீட்டர். தாளில் ஒரு கீற்றும் கூடவில்லை, குறையவும் இல்லை. ஆகவே முக்கோணத்தின் பரப்பும் அதுவே. ‘அடியையும் உயரத்தில் பாதியையும் பெருக்குக’ என்று பள்ளியில் மனனம் செய்த வாய்பாடு இவ்வாறு கண்ணுக்கு முன்னே நிற்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை உடனே புலனாகும். ஒரே அடியும் ஒரே உயரமும் உள்ள முக்கோணங்கள் எத்தனை விதமாகச் சாய்ந்திருப்பினும் அவை அனைத்தும் ஒரே செவ்வகத்திற்குச் சமம். ஆகவே ஒன்றுக்கொன்றும் சமம். உச்சி அடிக்கு வெளியே சாய்ந்துவிட்டால் வெட்டுகள் இன்னும் சில வேண்டும், விடை மாறுவதில்லை.

வரப்பு நேராகும் வழி

இனி வயலுக்கு வருவோம். மூத்தவருடைய வயல் மேற்கே, இளையவருடையது கிழக்கே. இடைவரப்பு வடவரப்பில் ‘அ’ என்னும் இடத்தில் தொடங்கி, ‘ஆ’ என்னும் இடத்தில் கிழக்கு நோக்கி மடங்கி, தென்வரப்பில் ‘இ’ என்னும் இடத்தில் முடிகிறது. மடிப்புக்குள் இருக்கும் நிலம் மூத்தவருடையது.

முதலில் ‘அ’ முளையிலிருந்து ‘இ’ முளைக்கு நேராக ஒரு கயிறு கட்டுக. அதன் நீளம் 60 மீட்டர் என்க. அந்தக் கயிற்றிலிருந்து மடிப்பின் முனையான ‘ஆ’ எவ்வளவு தூரம் என்பதைக் கயிற்றுக்குச் செங்குத்தாக அளக்க. அது 8 மீட்டர் என்க. அப்படியானால் மூத்தவர் இழந்துவிடுவோம் என்று அஞ்சும் நிலம் 60 மீட்டர் அடியும் 8 மீட்டர் உயரமும் உடைய முக்கோணம். அதாவது 240 சதுர மீட்டர். ஏறத்தாழ 6 சென்ட். அவர் கண்மதிப்பு சரியாகவே இருந்தது.

அடுத்து, தென்வரப்பின் மேல் ‘இ’யிலிருந்து கிழக்கே நடந்து செல்க. கட்டிய கயிற்றிலிருந்து செங்குத்துத் தூரம் சரியாக 8 மீட்டர் ஆகும் இடத்தில் ‘ஈ’ என்று ஒரு முளை அடிக்க. ‘அ’விலிருந்து ‘ஈ’க்கு நேர்க்கோடு இழுத்தால் அதுவே புதிய வரப்பு. மூத்தவர் கயிற்றுக்குக் கிழக்கே வைத்திருந்த பழைய முக்கோணத்தின் அடி 60, உயரம் 8. இப்போது அவருக்குக் கயிற்றுக்குக் கிழக்கே கிடைக்கும் புதிய முக்கோணத்தின் அடியும் 60, உயரமும் 8. இரண்டும் சமம். அவருக்குக் குறைவில்லை; இளையவருக்கும் குறைவில்லை. தென்வரப்பு ‘ஈ’ வரையில் வளையாமல் நேராக இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

செங்குத்தை உறுதி செய்யக் கருவி வேண்டியதில்லை. 12 மீட்டர் கயிற்றில் 3 மீட்டரிலும் 7 மீட்டரிலும் முடிச்சிட்டு, முனைகள் இரண்டையும் சேர்த்து மூவர் இழுத்துப் பிடித்தால் 3, 4, 5 மீட்டர்ப் பக்கங்கள் அமையும். 3-ம் 4-ம் கூடும் மூலை நேர்கோணமாக இருக்கும்.

அன்று மாலையே வயலில் அளந்து பார்த்தோம். முளை அடித்தபின் இருவரும் கயிற்று முனைகளை மாற்றிப் பிடித்து மறுபடியும் அளந்தனர்; ‘ஈ’ முளை அசையவில்லை. ஆயினும் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். முளை அடிப்பதனால் மட்டும் உரிமை மாறுவதில்லை. பதிவு செய்த பரிவர்த்தனைப் பத்திரமும், நில அளவரைக் கொண்டு உட்பிரிவு செய்து பட்டாவைத் திருத்துவதும் இன்றியமையாதன. இல்லையேல் இன்றைய நட்பு நாளை மக்கள் காலத்தில் வழக்காக முடியலாம்.

நான்கு பக்கமும் ஒரு தவறான வாய்பாடும்

குத்தகை பேசும்போதும், பாகம் பிரிக்கும்போதும், உரத்தின் அளவைக் கணக்கிடும்போதும் நம் ஊர்களில் இன்றும் ஒரு முறை வழங்குகிறது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் பெருக்குவது அம்முறை. இது மிகப் பழமையானது. பண்டை எகிப்திலும் வழங்கியது. 628 ஆம் ஆண்டில் நூல் இயற்றிய கணித அறிஞர் பிரமகுப்தர் இதனைக் கூறும்போது, இது பருமட்டான பரப்பு என்றே கூறினார். அந்த எச்சரிக்கையை மறந்து வாய்பாட்டை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம்.

நான்கு பக்கமும் 50 மீட்டர் உள்ள ஒரு வயலை எண்ணிக்கொள்க. மூலைகள் நேர்கோணமானால் பரப்பு 2,500 சதுர மீட்டர். இற்றுப்போன கட்டில் சட்டம் ஒருபுறம் சாய்வதுபோல் அந்த வயல் சற்றே சாய்ந்து, மூலைவிட்டங்கள் 60, 80 மீட்டர் ஆனால் பரப்பு 2,400. மேலும் சாய்ந்து மூலைவிட்டங்கள் 28, 96 மீட்டர் ஆனால் பரப்பு 1,344 மட்டுமே. மூன்றிலும் பக்கங்கள் ஒன்றே; வேலிக் கம்பியின் நீளமும் ஒன்றே. ஊர் வாய்பாடு மூன்றுக்கும் 2,500 என்றே விடை கூறும். நேர்கோண மூலைகள் உள்ள வயலைத் தவிர வேறெந்த நாற்கோணத்திற்கும் அவ்வாய்பாடு உள்ளதைவிட மிகுதியாகவே காட்டும். ஒருபோதும் குறைவாகக் காட்டாது. ஆகவே குத்தகை எடுப்பவரே என்றும் நட்டப்படுகிறார்.

சரியான முறையும் கடினமானதன்று. வயலின் எதிர்மூலைகள் இரண்டை இணைத்து மூலைவிட்டம் ஒன்றை அளக்க. மற்ற இரு மூலைகளிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரங்களை அளக்க. வயல் இரண்டு முக்கோணமாகிவிட்டது. மூலைவிட்டம் 100 மீட்டர், செங்குத்துகள் 30, 40 மீட்டர் எனில் பரப்பு, 100-ஐ 70-ஆல் பெருக்கிப் பாதியாக்க, 3,500 சதுர மீட்டர். பக்கங்கள் 50, 67.1, 80.6, 50 மீட்டராக அமைந்த அத்தகைய வயலுக்கு ஊர் வாய்பாடு ஏறத்தாழ 3,823 என்று சொல்லும். வேற்றுமை 323 சதுர மீட்டர். 8 சென்ட் அளவு. இல்லாத 8 சென்ட்டுக்கு ஆண்டுதோறும் குத்தகை கொடுப்பதென்றால் அது சிறு தொகையாகாது.

நில அளவைத் துறையின் புலப்படத்தைக் கூர்ந்து நோக்கினால் இந்த முக்கோணப் பிரிவையே காணலாம். படத்தில் குறுக்கே செல்லும் கோடுகளும், அவற்றிலிருந்து வரப்பு வளைவுகளுக்குப் பிடிக்கப்பட்ட செங்குத்து அளவுகளும் வயலை வெட்டித் துண்டாக்கும் கோடுகளே. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று காணும் விஸ்தீரணம் அவ்வாறு கணக்கிடப்பட்டது. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டரைச் சென்ட்.

எவ்வடிவும் எவ்வடிவாகும்

வெட்டி அடுக்கும் கலை நம் நாட்டில் தொன்மையானது. 2,500 ஆண்டுகளுக்கும் முற்பட்டதாகக் கருதப்படும் போதாயனரின் சுல்ப சூத்திரம், வேள்விக்குரிய செங்கல் மேடைகளை அமைப்பதற்குச் செவ்வகத்தை அதே பரப்புள்ள சதுரமாக மாற்றும் வழியைக் கூறுகிறது. சுல்பம் என்பது அளக்கும் கயிறு. செவ்வகத்தில் ஒரு சதுரத்தை வெட்டிக்கொண்டு, எஞ்சியதை இரு கீற்றாக்கி, அச்சதுரத்தின் இரு பக்கங்களில் ஒட்டுவதே அதன் தொடக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கராசாரியரோ, நேர்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தின் மீது அமைந்த சதுரத்தை நான்கு முக்கோணமும் ஒரு சிறு சதுரமுமாக வெட்டி, 3, 4, 5 கணக்கின் காரணத்தை விளக்கினார். 25 சதுரங்கள் உள்ள பரப்பு, 6 சதுரப் பரப்புள்ள நான்கு முக்கோணங்களும் ஒரு சதுரமும் ஆகும். அத்துண்டுகளையே மாற்றி அடுக்கினால் 9-ம் 16-ம் ஆன இரு சதுரங்கள் கிடைக்கும்.

நேர்ப்பக்கங்களால் அமைந்த எந்த உருவத்தையும், சமப்பரப்புள்ள வேறு எந்த உருவமாகவும், எண்ணித் தீரும் துண்டுகளாக வெட்டி மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு முழு விடை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்தது. ஸ்காத்லாந்தின் வில்லியம் வாலஸ் 1807 இலும், ஹங்கேரியின் ஃபர்காஸ் போல்யாய் 1832 இலும், பிரஷ்யப் படை அதிகாரி பால் கெர்வின் 1833 இலும் தனித்தனியே ‘முடியும்’ என்று நிறுவினர்.

அவர்கள் காட்டிய வழியின் சாரம் எளிது. எந்த உருவத்தையும் முக்கோணங்களாக வெட்டலாம். ஒவ்வொரு முக்கோணத்தையும் நாம் மேலே கண்டவாறு செவ்வகமாக்கலாம். ஒவ்வொரு செவ்வகத்தையும் வெட்டி ஒரே அகலத்திற்குக் கொண்டுவரலாம். பின்னர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே செவ்வகம் ஆகும். இரண்டு உருவங்களும் இவ்வாறு ஒரே செவ்வகத்தில் வந்து சேருமானால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியும் கிடைத்துவிட்டது.

கட்டிப் பொருள்களுக்கு இவ்விதி செல்லாது. சமக் கன அளவுள்ள திண்மங்களை எப்போதும் இவ்வாறு வெட்டி மாற்றலாமா என்று 1900 இல் டேவிட் ஹில்பர்ட் கேட்டார். ஒரு கனசதுரத்தையும், சம முக்கோணங்கள் நான்கால் அமைந்த கூம்பையும் அவ்வாறு மாற்றவே இயலாது என்று அவர் மாணவர் மாக்ஸ் டேன் நிறுவினார். தட்டையாக இருப்பது நிலத்திற்கும் துணிக்கும் உள்ள பேறு.

நெசவாளர் கவனத்திற்கு

16 சாண் நீளமும் 9 சாண் அகலமும் உள்ள துணியைக் கொண்டு 12 சாண் சதுர விரிப்பு வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார் என்க. இரண்டிற்கும் பரப்பு 144 சதுரச் சாணே. ஒரே படிவெட்டில் இது முடியும். நீளம் இடம் வலமாக இருக்கும்படி துணியை விரித்து, மேல் விளிம்பில் இடமிருந்து 4 சாண் தள்ளித் தொடங்குக. 3 சாண் கீழே, 4 சாண் வலப்புறம், மறுபடி 3 கீழே, 4 வலப்புறம், 3 கீழே என்று வெட்டினால் கீழ் விளிம்பை அடைவோம். வலத்துண்டை ஒரு படி மேலேற்றி வைத்தால், அதாவது இடப்புறம் 4 சாணும் மேலே 3 சாணும் நகர்த்தினால், பிசகில்லாத சதுரம் அமையும்.

இதில் நெசவாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துண்டை நகர்த்தினோமே தவிரத் திருப்பவில்லை. ஆகவே பாவு பாவோடும் ஊடை ஊடையோடும் சேர்ந்தே நிற்கின்றன. துண்டுகளைக் குறுக்காகத் திருப்பித் தைத்தால் ஒரு பகுதியில் பாவு நெடுக்காகவும் மறுபகுதியில் குறுக்காகவும் ஓடும். துவைத்தபின் சுருக்கம் ஒவ்வாமல் விரிப்பு கோணும். நகர்த்துவதாலும், தலைகீழாகத் திருப்புவதாலும் மட்டுமே எந்த உருவத்தையும் சமப்பரப்புள்ள எந்த உருவமாகவும் மாற்றலாம் என்று 1951 இல் ஹாட்விகர், குளூர் என்ற இருவர் நிறுவினர். தலைகீழாக்கினாலும் பாவு நெடுக்காகவே ஓடும் அல்லவா? ஆகவே எவ்வளவு கோணலான துண்டுத் துணியாயினும் பாவின் திசை கெடாமல் வேண்டிய வடிவில் இணைக்க வழியுண்டு. கொடியும் பூவும் போன்ற மேல்கீழ் உள்ள புட்டாக்களில் தலைகீழ்த் துண்டு தெரியும். கட்டத்திலும் வெற்றுத் துணியிலும் தெரியாது.

சம முக்கோணத் துணி ஒன்றை நான்கே துண்டாக வெட்டிச் சதுரமாக்கும் வழியை இங்கிலாந்தின் ஹென்றி டூடனி 1902 இல் வெளியிட்டார். துணிமணியும் ஊசி நூலும் விற்கும் கடைக்காரர் ஒருவர் பெயராலேயே அப்புதிர் வழங்குகிறது. துண்டைப் புரட்டாமல் மூன்றே துண்டில் அது முடியாது என்று ஜப்பானையும் அமெரிக்காவையும் சேர்ந்த அறிஞர் மூவர் 2024 இல் நிறுவினர். ஒரு துண்டைக் குறைக்கலாமா என்ற ஆராய்ச்சி நூறாண்டுக்கு மேல் நடந்திருக்கிறது. துண்டு கூடினால் தையல் கூடும், தையலுக்கு மடிக்கும் துணி கூடும் என்பதை அறிந்த நெசவாளர்க்கு இது வியப்பளிக்காது.

மாறுவதும் ஏமாற்றுவதும்

வெட்டி அடுக்கும்போது பரப்பு மாறாது, சுற்றளவு மாறும். 100 மீட்டர் சதுரமான ஒரு ஹெக்டேர் நிலத்திற்கு வரப்பு 400 மீட்டர். அதே ஒரு ஹெக்டேர் 400 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமுமாகக் கிடந்தால் வரப்பு 850 மீட்டர். அரை மீட்டர் அகலத்தில் வரப்பு எடுத்தால் முன்னதில் 200 சதுர மீட்டரும் பின்னதில் 425 சதுர மீட்டரும் வரப்புக்கே போகும். வேற்றுமை ஐந்தரைச் சென்ட். சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது சமமான சென்ட் வந்ததா என்று பார்ப்பதோடு, எந்த வடிவில் வந்தது என்பதையும், வாய்க்காலும் பாதையும் எப்பக்கம் அமைகின்றன என்பதையும் பார்க்க வேண்டியது இதனாலேயே.

மற்றொன்று ஏமாற்று. 8-க்கு 8 கட்டமுள்ள சதுரத் தாளை இரு முக்கோணமும் இரு சரிவகமுமாக வெட்டி, 13-க்கு 5 செவ்வகமாக அடுக்கிக் காட்டுவர் சிலர். 64 கட்டம் 65 ஆகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் நடுவே மூலைக்கு மூலை மெல்லிய கீற்று ஒன்று திறந்து கிடக்கிறது. அதன் பரப்பே அந்த ஒரு கட்டம். ஒரு வெட்டு 8-க்கு 3 என்ற சரிவிலும், மற்றது 5-க்கு 2 என்ற சரிவிலும் செல்வதால் அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கண்ணுக்குப் பொருந்தியதுபோல் காட்டும். வயலிலும் நிலம் காணாமற்போவது இத்தகைய கீற்றாகத்தான். அளந்தவர் எவரும் திருடவில்லை. வரப்பு ஓரத்தில் ஒரு சாண் அகலத்தில் பிழை ஒளிந்திருக்கும். 100 மீட்டர் நீளத்திற்கு ஒரு சாண் என்றால் அரைச் சென்ட்டுக்கு மேலாகும்.

சங்கந்தோறும் 30 மீட்டர் அளவு நாடா ஒன்றும், முடிச்சிட்ட 12 மீட்டர்க் கயிறு ஒன்றும், ஆறு முளைகளும் வாங்கி வைப்பது பெருஞ்செலவாகாது. அங்கத்தினர் எவரும் கேட்டு வாங்கிச் சென்று அளந்துகொள்ள நிர்வாகக் குழு ஏற்பாடு செய்யலாம். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தாளையும் கத்தரிக்கோலையும் கொண்டு முக்கோணத்தைச் செவ்வகமாக்கிக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாத மூத்த அங்கத்தினரும் கணக்கைத் தம் கண்ணால் காண்பர்.

நாம் தொடக்கத்திற் குறித்த இருவரும் இதை எழுதும்போது நில அளவருக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரப்பு நேரானால், உழாத மூலையில் அடுத்த பட்டத்தில் இரண்டு பக்கத்திலும் பயிர் நிற்கும்.